91.4-இல் நின்ற ஏழு வாரம்

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே எடை பார்க்கும் மெஷின் ஒன்று செருகிக் கிடக்கும். கண்ணாடித் தட்டு, வலது மூலையில் ஒரு கீறல். 2023 ஜனவரி முழுக்க, பிப்ரவரியிலும் பாதிக்கு மேல், அது எனக்குக் காட்டியது ஒரே எண்தான். 91.4 கிலோ. ஒரு நாள் 91.6 காட்டும், மறுநாள் 91.2 காட்டும், மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். விடிந்ததும் ஏறுவேன். பல் தேய்த்துவிட்டு ஏறுவேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தடவை ஏறுவேன்.

எடை குறைய ஆபரேஷன் செய்து, இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. போன மாதம் மும்பை முலுண்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவள். "அக்கா, மூணு வாரமா வெயிட் அசையவே இல்லை. ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது, இதை எனக்கு யாராவது அன்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் மும்பை. சயான் கோலிவாடாவில் வீடு, ஃபோர்ட்டில் ஆபீஸ். 2022-இல் எனக்கு 43 வயது, உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 47. நான்கு வருடமாகச் சர்க்கரை. இரவில் மூச்சுத் திணறல், மூக்கில் மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூக்கம். ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். பதினைந்து வருடத்தில் நான் செய்யாத டயட் இல்லை. ஒவ்வொன்றிலும் எட்டு கிலோ, பத்து கிலோ இறங்கும். வட்டியோடு திரும்பி வரும். அந்த ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரத்தில், ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

ஸ்லீவ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி, 75 முதல் 80 சதவீதத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம்போல ஒரு குழாய். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அது. ஆகவே வயிறு சின்னதாவதோடு பசியும் அடங்குகிறது. இந்த இரண்டாவது விஷயம்தான் பெரியது. வாழ்க்கையில் முதல்முறையாக, சாப்பாட்டை நினைக்காமல் ஒரு முற்பகல் கழிந்தது எனக்கு.

முதல் பதினைந்து நாள் வெறும் திரவம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை 30 மில்லி. மருந்து மூடியில் அளந்து குடி என்றார்கள். மூடி வாயில் சரியாக வைக்க வரவில்லை, மடக்கென்று உள்ளே போய் நெஞ்சில் அடைத்தது. அம்மா பார்த்தாள். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, துணியில் சுற்றி வைத்திருந்த சங்கை எடுத்தாள். பச்சைப் பிள்ளைக்குப் பாலும் மருந்தும் ஊற்றுகிற வெள்ளிச் சங்கு. மூக்கு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். "ஒனக்கு இதுலதான் ஊத்துனேன், ஒம் பிள்ளைக்கும் இதுலதான் ஊத்துனேன்" என்று சொல்லி, தெளிந்த பருப்புத் தண்ணீரை அதில் ஊற்றிக் கொடுத்தாள். சங்கில் குடித்தால் ஒரு மடக்குக்கு ஒரு தேக்கரண்டிதான் வரும். அவசரப்பட முடியாது. ஆறிப்போன மோர், இளநீர், வடிகட்டிய சூப் எல்லாம் அந்தச் சங்கு வழியாகத்தான் உள்ளே போனது.

அந்தப் பதினைந்து நாளில் எட்டு கிலோ இறங்கியது. மூன்றாவது வாரம் சட்டென்று நின்றது. 109.8. பதினாறு நாள் அதே இடம். ஒரு நாளைக்கு 500, 600 கலோரிக்கு மேல் உள்ளே போகாத நேரத்தில் எடை நிற்கிறது என்றால் எப்படிப் பதறாமல் இருப்பது? டாக்டர் பதறவில்லை. "எல்லாருக்கும் மூணாவது வாரம் இப்படித்தான். மெஷினைப் பரண்ல போடுங்க" என்றார்.

அப்புறம்தான் காரணம் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற பெயரில் சேமிப்பாக இருக்கிறது. இரண்டும் சேர்த்தால் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் உடம்பு முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. அதோடு சேர்ந்து தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் ஒரு நல்ல பங்கு தண்ணீர். மூன்றாவது வாரம் கொஞ்சம் கூழாக, கெட்டியாகச் சாப்பிடத் தொடங்கியதும் உடம்பு அந்தச் சேமிப்பையும் தண்ணீரையும் மறுபடி நிரப்பப் பார்க்கிறது. கொழுப்பு உள்ளே கரைந்துகொண்டுதான் இருக்கும். வெளியே போகும் கொழுப்பும் உள்ளே வரும் தண்ணீரும் தராசில் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. முலுண்டுப் பெண்ணுக்கு நடந்ததும் இதுதான். அவளுக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்கூட முடியவில்லை. மூன்றாவது வாரத் தேக்கத்துக்காக யாரும் ஒரு வேளைக்கூடப் பட்டினி கிடக்க வேண்டாம். அது தானாக நகரும். எனக்கு நகர்ந்தது.

ஏழாம் மாதம் நடந்தது வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் கடைசியில் 91.4-க்கு வந்திருந்தேன். 118-இலிருந்து 26 கிலோவுக்கு மேல் போய்விட்டது. ஆபீஸில் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். 70-ஐத் தொட்டுவிட வேண்டும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். டாக்டர் சொன்ன எண் இல்லை அது. மாதம் மூன்று கிலோ என்று போட்டாலும் அடுத்த ஆகஸ்டுக்குள் வந்துவிடும் என்று காலண்டரில் பென்சிலால் குறித்துக்கூட வைத்திருந்தேன்.

ஜனவரியில் பொங்கல். தாராவியில் அத்தை வீடு. பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, புகை என்று ஊரே அங்கே எழுந்து வந்ததுபோல் இருக்கும். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏளா, வயித்தையே வெட்டி எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. இன்னும் எளைக்கலையே நீ" என்றாள். அத்தை கெட்ட மனசுக்காரி கிடையாது. எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று சங்கரன்கோவிலுக்கு நேர்ந்துகொண்டவள் அவள். ஆனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் ஒரு இட்லி இருந்தது, அதை அரை இட்லியாக்கினேன். மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸில் ஒரு மணி நேரம் நடந்துகொண்டிருந்தேன், அதை இரண்டு மணி நேரமாக்கினேன். எடை அசையவில்லை. முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. ஆபரேஷன் ஆன மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை முடி கொட்டுவது வழக்கம்தான், பிறகு நிற்க வேண்டும், எனக்கு நிற்கவில்லை. ஒரு நாள் காலை வடாலா தாண்டும்போது ரயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண் தோளைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. இதுதான் எனக்கு இன்றும் வலிக்கிற இடம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் செய்யவில்லை. ஆறாம் மாதச் செக்கப்புக்கே போகாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தும் குறைக்கத் தெரியாதவள் என்று அவர் நினைத்துவிடுவார் என்ற பயம். வாழ்நாள் முழுக்கக் குண்டாக இருந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். எடை நின்றால் நாம் எதையோ திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டோம் என்று ஊர் சொல்வதற்கு முன்னால் நாமே நமக்குச் சொல்லிக்கொள்வோம்.

கடைசியில் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆபரேஷனுக்கு முன்பு 8.4 இருந்தது, 5.8-க்கு வந்திருந்தது. எடை அசையாமல் நின்ற அதே நாட்களில் எடுத்த ரத்தம் அது. தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது, பி12-உம் டி-யும் குறைவு. அப்புறம் டயட்டீஷியனிடம் அனுப்பினார். மருத்துவமனையில் முதல் நாள் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தலியா, மூங் தால் சீலா, பனீர் புர்ஜி என்று முழுக்க வடக்கத்திச் சாப்பாடு. ஒரு மாதம் கஷ்டப்பட்டுப் பார்த்துவிட்டு நான் கைவிட்ட தாள். இந்த முறை வேறு ஒரு இளம் பெண். மராத்திக்காரப் பெண். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "ஏழு நாள் நீங்கள் வாயில் போடுவது, குடிப்பது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு வாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம்" என்றாள்.

எழுதினேன். பள்ளிக்கூட நோட்டில், கோடு போட்டு. காலை 7.30, அரை இட்லி, சட்னி. 11 மணி, மோர். 1.30, மூன்று ஸ்பூன் சோறு, ரசம், ஒரு சின்னத் துண்டு மீன். 4 மணி, டீ, காரி பிஸ்கட் 2. 5.30, டீ, காரி 2. ஏழு மணிக்கு, ஸ்டேஷனில் இறங்கியதும், கையளவு சேவ். இரவு எதுவும் இல்லை.

அவள் பேனாவை நான்கு மணியில் வைத்தாள்.

மும்பையில் இருப்பவர்களுக்குக் காரியைச் சொல்ல வேண்டியதில்லை. மைதாவும் வனஸ்பதியும் அடுக்கடுக்காக வைத்துப் பேக்கரியில் சுடுவது. தொட்டால் உதிரும். டீயில் நனைத்தால் அரை நொடியில் கரையும். அந்தக் குழாய் வயிற்றில் ஒரு துண்டு கோழிக்கறி மெல்ல மெல்ல இறங்கும், நாலு வாயிலேயே போதும் என்று சொல்லிவிடும். காரியும் டீயும் அப்படி இல்லை. கரைந்து, டீயோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. ரஸ்க், சேவ், முறுக்கு, சிப்ஸ் எல்லாமே இந்த ரகம். சின்ன வயிற்றை ஏமாற்றிவிட்டுப் போகிறவை. சாப்பிடும்போது தண்ணீரோ டீயோ குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்வது இதற்காகத்தான். நான் அந்த விதியைச் சோற்றுக்குக் கடைப்பிடித்தேன். டீயைச் சாப்பாடாக நினைக்கவே இல்லை.

ஆனால் அவள் காரியைப் பற்றி ஒரு வாக்கியம்தான் பேசினாள். அவளை உறுத்தியது வேறு. புரதத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு நாள்கூட 35 கிராமைத் தாண்டவில்லை. குறைந்தது 60 வேண்டும். "நீங்கள் அதிகம் சாப்பிட்டு எடை நிற்கவில்லை. வேண்டியதைச் சாப்பிடாமல் நிற்கிறது. உங்கள் தசை கரைகிறது" என்றாள். பதினைந்து வருடத்தில் ஒரு டயட்டீஷியன் என்னைப் பார்த்து, போதுமான அளவு சாப்பிடவில்லை என்று சொன்னது அதுதான் முதல்முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, இந்தி முழுசாகப் புரியாமல், "என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா" என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று டாக்ஸியில் வரும்போது அவள் சொன்னதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். சாப்பாடு குறையக் குறைய உடம்பு செலவைக் குறைத்துக்கொள்ளும், 118 கிலோ உடம்பைத் தூக்கி நடக்க ஆன எரிபொருள் 91 கிலோவுக்கு ஆகாது, அதற்கு மேலும் பட்டினி போட்டால் உடம்பு இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்று. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "ஸ்ட்ரைக் வருசம் நான் பண்ணுனது தானே அது" என்றாள்.

அப்பா லோயர் பரேலில் ஒரு மில்லில் நூற்பு இலாகாவில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரி 18-இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளிகள். எனக்கு அப்போது மூன்று வயது. சம்பளம் நின்ற முதல் மாதம் அம்மா கையிருப்பை எடுத்துச் செலவழித்திருக்கிறாள், எப்படியும் முடிந்துவிடும் என்று. இரண்டாம் மாதம் பித்தளைக் குடம் போனது. மூன்றாம் மாதத்திலிருந்து வீட்டின் போக்கையே மாற்றிவிட்டாள். ஸ்டவ்வைப் பகலில் ஒருமுறைதான் பற்ற வைப்பது. வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றுவதில்லை. விளக்கு எட்டு மணிக்கு அணையும். எங்களை வெளியே ஓடியாட விடமாட்டாளாம், ஓடினால் பசிக்கும் என்று. அந்த வேலைநிறுத்தத்தை முறைப்படி யாரும் முடித்து வைக்கவே இல்லை. அப்பா ஒன்றரை வருடம் கழித்து சயானில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். சம்பளம் வரத் தொடங்கியது. அம்மா ஸ்டவ்வை இரண்டாம் முறை பற்ற வைத்தாளா? இல்லை. இன்னும் இரண்டு வருடம் அதே சிக்கனம்தான். வந்த பணத்தையெல்லாம் கடுகு டப்பாவில், அரிசிப் பானையில் என்று ஒளித்து வைத்தாள். "மறுபடி எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

என் உடம்பை அன்றைக்குத்தான் நான் கோபமில்லாமல் நினைத்துப் பார்த்தேன். அது எனக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. வரவு நின்ற வீட்டில் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்க்கிற பொம்பளை செய்வதைச் செய்துகொண்டிருந்தது.

இதற்கு ஆராய்ச்சிகளும் உண்டு. 1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். எடையில் கால்வாசி போனது. கூடவே உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியும், எடை குறைந்த அளவைத் தாண்டி இறங்கியது. குளிர் தாங்கவில்லை, நாடித்துடிப்பு மெதுவானது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வு, டிவி போட்டியில் வெறும் டயட்டும் உடற்பயிற்சியுமாக மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தது. அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இந்தச் சிக்கனம் வரும். நம் பக்கம் ஒரு வித்தியாசம், பசி ஹார்மோன் குறைந்திருக்கும், வயிறு நிறைந்துவிட்டது என்று குடல் அனுப்பும் சமிக்ஞைகள் கூடியிருக்கும். மின்னசோட்டா ஆட்களுக்கு இருந்த கொலைப்பசி நமக்கு இல்லை. அதனால் பட்டினி கிடப்பது நமக்கு ஆபத்தான அளவுக்குச் சுலபம்.

மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. இரவுச் சாப்பாடு திரும்ப வந்தது. தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு காய், இடம் இருந்தால் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நூறு கிராம் மீனில் 18 முதல் 20, ஒரு இட்லியில் 2 தான். நான் அதுவரை இட்லியை முதலில் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா என் மீன் துண்டைப் புளி குறைத்த குழம்பில் தனியாகக் கொதிக்க வைத்து, முள் எடுத்து, கைவிரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தருவாள். சைவக்காரர்களுக்கு இது கஷ்டம், தெரியும். கெட்டித் தயிர், பனீர், சோயா, முளைகட்டிய பயறு எல்லாம் சேர்த்தும் எட்டாதபோது புரதப் பொடியைத் தயங்காமல் சேருங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மணி நேர நடையை நாற்பது நிமிடமாக்கி, மிச்ச நேரத்தில் கனம் தூக்கச் சொன்னார்கள். ஜிம்முக்குப் போகக் கூச்சம். வீட்டுக்காரர் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, கையை ஊன்றாமல், பத்துப் பத்தாக மூன்று தடவை. முதல் நாள் நாலாவதிலேயே தொடை நடுங்கியது. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போதே, ஒரு கிலோ கொழுப்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எரிக்கும். தராசுக்கு இரண்டும் ஒரு கிலோதான்.

டெய்லர் ஒருவர் இருக்கிறார், சயான் மார்க்கெட் பக்கம். டிசம்பரில் பிளவுஸ் அளவு எடுத்திருந்தார். பிப்ரவரி நடுவில் அக்கா பெண் கல்யாணத்துக்காக மறுபடி போனேன். டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய நோட்டைப் புரட்டி, "ஒன்றரை இஞ்ச் பிடிக்கணும்" என்றார். அதே 91.4 தான் அப்போதும்.

அதே வாரம் இன்னொன்று நடந்தது. மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஒண்டிக்கொள்வது வழக்கம். சௌத்தி சீட் என்பார்கள். இருபது வருடமாக அந்த ரயிலில் போகிறேன், ஒருவர்கூட என்னை நாலாவதாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்து நானே கதவோரம் போய் நின்றுகொள்வேன். அன்று செவ்ரி தாண்டியதும் ஒரு வயதான அம்மாள் மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, "பஸ் நா, தாயி" என்றார். மராத்தியில், உட்காரேன் அக்கா என்று அர்த்தம். எனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உட்கார்ந்தேன். பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியேதான் இருந்தது, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். மஸ்ஜித் ஸ்டேஷன் வரும்வரை கால் வலிக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் 90.7 காட்டியது மெஷின். அதற்குப் பிறகு மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ என்று மெதுவாகத்தான் இறங்கியது. நடுவில் இரண்டு தடவை நின்றது. பதினெட்டாவது மாதம் 84. அதற்குக் கீழே போகவில்லை.

70 வரவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் கடைசித் தேக்கத்தையும் தோல்வி என்றே நினைக்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு எடை பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் தன் அடிமட்டத்தைத் தொடும். மொத்த எடையில் கால்வாசி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் போவது நல்ல பலன். எனக்கு 34 கிலோ, 28 சதவீதத்துக்கு மேல். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, 4000-க்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அடிமட்டத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் ஏறி, அப்புறம் நிலையாக நின்றார்கள். அந்தக் கொஞ்சம் ஏறியவர்களும், ஆபரேஷன் செய்யாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். எனக்கு மூக்கு மெஷின் போய்விட்டது. சர்க்கரைக்கு மாத்திரை இல்லை. மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறேன். 84 கிலோ உடம்பு இதையெல்லாம் செய்கிறது.

முலுண்டுப் பெண்ணிடம் சில விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னேன். எடை நிற்பதற்குப் பயப்படாதே. ஆனால் தொடர்ந்து வாந்தி வந்தால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், கால் மரத்துப்போனால், தள்ளாடினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், அன்றைக்கே டாக்டரிடம் போ. வாந்தியோடு மரத்துப்போவது பி1 சத்து தீர்ந்ததாலும் வரலாம், காத்திருக்கக் கூடாது. அடிமட்டத்திலிருந்து எடை விடாமல் ஏறிக்கொண்டே போனாலும் ஒளித்து வைக்காதே. இப்போது அதற்கு ஊசி மருந்துகள்கூட வந்துவிட்டன, 2025-இல் இந்தியாவிலும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. வேண்டுமா வேண்டாமா என்று உன் டாக்டர் பார்த்துச் சொல்வார். முக்கியமாக, செக்கப்பைத் தள்ளிப் போடாதே. அவள் "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. "பரவாயில்லை, இப்ப எந்திரிச்சு ஒரு முட்டையை வேக வை" என்றேன். அடுப்பு பற்றும் சத்தம் போனில் கேட்டது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மெஷினை வெளியே எடுப்பது. இந்த வாரம் 85.2. நோட்டில் எழுதிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். கோலி மீனவப் பெண்கள் காலையிலேயே கடை விரித்திருந்தார்கள். அயிலை கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. அம்மாவுக்கு 74 வயது, குனிய முடியாது. ஆனாலும் குனிந்து, ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து ஆறு எடுத்தாள். வெட்டிக்கொண்டிருந்த கோலிப் பெண்ணிடம் எனக்கான துண்டைக் காட்டி, தனியாகக் கட்டு என்று அவளுக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னாள்.